அப்பப்பாவின் பொக்கெற் மணிக்கூட்டை ஓடவைக்க முன்

புரொக்டர்மாரும் (அந்தக் கால வழக்கறிஞர்கள்) தலைமையாசிரியர்மாரும் மலாயாவில் வேலைசெய்து பென்சன் எடுத்தவர்களும் கோட்டில் சங்கிலி தெரியக் கொண்டு திரிந்த மணிக்கூடுகள் யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. கையில் எடுத்தவுடன் முறுக்கிப் பார்க்க வேண்டாம். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், உப்புக்காற்றில் உருக்குப் பாகங்கள் துருப்பிடித்திருக்கும். அந்த அழுக்கோடு ஓடினால் சில்லுகளின் மெல்லிய அச்சுமுனைகள் அராவப்படும்.

முதலில் திறந்து பாருங்கள். பின்மூடி பிணைச்சல் உள்ளதென்றால் விளிம்பில் சின்ன உதடு இருக்கும். நகத்தால் நெம்பினால் போதும், கத்தி வேண்டாம். பிணைச்சலோ உதடோ இல்லையென்றால் அது பெரும்பாலும் திருகுமூடி, உள்ளங்கையால் இடப்பக்கம் திருப்புங்கள். பழைய இங்கிலாந்து மணிக்கூடுகள் பலவற்றில் முன்கண்ணாடியைத் திறந்து, 6 மணி இலக்கத்தருகே உள்ள கொளுவியை நகத்தால் தள்ளினால் இயந்திரம் முழுவதும் வெளியே சாயும்.

மூடியின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தின் 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி; பக்கத்தில் நங்கூரம் என்றால் பேர்மிங்காம், சிறுத்தைத்தலை என்றால் லண்டன். அங்குள்ள தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். சுவிஸ் கூடுகளில் 0.800 அல்லது 0.935 என்றிருக்கும். இந்த முத்திரைகள் கூட்டுக்குரியவை மட்டுமே. வோல்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க மணிக்கூடுகளின் வயதை இயந்திரத்தில் உள்ள தொடரிலக்கத்தைக் கொண்டுதான் அறியலாம்.

‘கூட முறுக்கிப் பழுதாக்கிவிட்டார்கள்’ என்று பலர் சொல்வதுண்டு. முழுதாக முறுக்கியபடி நிற்பது பெரும்பாலும் அழுக்கால்தான். கழற்றிக் கழுவி, அச்சுமுனைகளுக்கு மணிக்கூட்டு எண்ணெய் இம்மியளவு விட்டால் பல ஓடிவிடும். தேங்காயெண்ணெய் இறுகும், தையல்மெசின் எண்ணெய் பரவி மயிர்ச்சுருளில் (ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய கம்பிச்சுருள்) ஒட்டும். இரண்டும் வேண்டாம். பொக்கெற் மணிக்கூடு கழற்றிப் பழகியவரிடமே கொடுங்கள்.

திருத்தி வந்தபின் தினமும் காலையில் ஒரே நேரத்தில் முறுக்குங்கள். திறப்பால் முறுக்குவதாயின் திறப்பு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தளர்ந்த திறப்பு சதுர முனையை உருண்டையாக்கிவிடும். எந்தப் பக்கம் திருப்புவதென்று மெதுவாகப் பார்த்து, தடுத்தால் மற்றப் பக்கம் திருப்புங்கள். நேரம் முந்தினால் பின்னாலுள்ள சின்ன முள்ளை ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ பக்கமும், பிந்தினால் ‘எஃப்’ அல்லது ‘ஏ’ பக்கமும் மயிரளவு நகர்த்தி, 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். திடீரென்று மிக வேகமாக ஓடினால் மயிர்ச்சுருளில் காந்தம் ஏறியிருக்கக்கூடும். கைத்தொலைபேசியையும் ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கூட்டைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். குத்துவிளக்குக்குச் சரி. இங்கோ முத்திரை மழுங்கும், பொடி பிணைச்சல் வழியாக இயந்திரத்துக்குள் போகும். மென்மையான பருத்தித் துணியே போதும்.

போடும்போது சங்கிலியின் ‘ரீ’ வடிவக் கட்டை கோட்டின் பொத்தான் துளைக்குள் குறுக்கே நிற்க வேண்டும், மறுமுனைக் கொளுவி மணிக்கூட்டின் வளையத்தில். முகப்பு உடம்புப் பக்கம் இருக்கட்டும். அதே பொக்கெற்றில் சில்லறை போடாதீர்கள். முன்மூடி உள்ள வகையை ‘டக்’கென்று அடித்து மூடுவது பலருக்குப் பிடித்த பழக்கம், ஆனால் அதில்தான் பூட்டின் உதடு தேய்கிறது. குமிழை அழுத்திக்கொண்டு மூடியைப் படியவைத்து, பிறகு குமிழை விடுங்கள்.