பெயின்பிரிட்ஜும் நிறை நிறமாலைமானியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாடத்திட்டத்தில் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு அமெரிக்க இயற்பியலாளர் பெயின்பிரிட்ஜின் பெயர் மறந்திருக்காது. அணுக்கரு இயற்பியல் பாடத்தில் வரும் அவருடைய நிறை நிறமாலைமானியை அளவுகோல் வைத்து வரைந்து பாகங்களைக் குறித்திருப்போம். அந்தப் படத்தைப் பல வருஷம் நானும் தப்பாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். இன்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது அதே தப்புகள் திரும்பி வருகின்றன.

முதலில் பெயரே இடறிவிடுகிறது. நிறமாலை என்றதும் முப்பட்டகமும் ஏழு நிறங்களும் நினைவுக்கு வரும். இந்தக் கருவியில் பிரிக்கப்படுவது ஒளி இல்லை, அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள். அவை ஒளிப்படத் தட்டில் மோதிப் பதித்த கோடுகள் நிறைவாரியாக வரிசையில் நின்றதால்தான் ‘நிறமாலை’ ஒட்டிக்கொண்டது.

இதைக் கண்டுபிடித்தவரே பெயின்பிரிட்ஜ்தான் என்று எழுதுவதும் சரியில்லை. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் 1912-லேயே நியான் வாயுவில், நிறை வேறுபட்ட இரண்டு வகை அணுக்களின் தடங்களைப் பார்த்துவிட்டார். 1918-இல் சிகாகோவில் டெம்ப்ஸ்டரும் 1919-இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டனும் தனித்தனியே கருவிகள் அமைத்தார்கள். பெயின்பிரிட்ஜ் தன் கருவியைப் பென்சில்வேனியாவில் அமைத்தது 1930-களின் தொடக்கத்தில். ஒரே வேகமுள்ள அயனிகளை மட்டும் உள்ளே விட்டார். அதனால் தட்டில் கோடு விழும் தூரம் நிறைக்கு நேர்விகிதத்தில் அமைந்தது. அவருடைய பங்கு அதுதான், சின்னப் பங்கு இல்லை.

அந்த வேலையைச் செய்யும் திசைவேகத் தேர்ந்தெடுப்பான் நிறையைப் பார்த்துப் பிரிக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். மின்விசையும் காந்தவிசையும் சமமாகும்போது மின்னூட்டம் இரு பக்கமும் அடிபட்டுப் போகும். நிறை அந்தச் சமன்பாட்டில் வரவே வராது. மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வேகம், அவ்வளவுதான். நிறைவாரியாகப் பிரிவது அதற்கு அப்புறம், இரண்டாவது காந்தப்புலத்தில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மின்புலம் மீட்டருக்கு 20,000 வோல்ட், காந்தப்புலம் இரண்டு இடத்திலும் 0.2 டெஸ்லா. வேகம் நொடிக்கு 1,00,000 மீட்டர். ஒற்றை மின்னூட்டம் கொண்ட நியான்-20 (நிறை எண் 20) அயனி சுமார் 10.4 செ.மீ. ஆரத்தில் வளையும், நியான்-22, 11.4 செ.மீ. ஆரத்தில். தட்டில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி எவ்வளவு? பாதிப் பேர் 1 செ.மீ. என்பார்கள். அயனி அரைவட்டம் சுற்றித் தட்டுக்கு வருகிறது. அயனி உள்ளே வரும் துளையிலிருந்து கோடு வரை உள்ள தூரம் விட்டம். ஆகவே இடைவெளி சுமார் 2 செ.மீ. அதோடு, கருவி பிரிப்பது நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தின்படி. இரட்டை மின்னூட்டம் பெற்ற நியான்-20, நிறை 10 உள்ளதுபோல வந்து விழும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது முழு எண்ணாக்கும் பழக்கம். 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம்-7 மீது புரோட்டானை மோதவிட்டு இரண்டு ஹீலியம் அணுக்கருக்களைப் பெற்றார்கள். நிறை எண்ணை நிறை என்று எடுத்துக்கொண்டால் 7-உம் 1-உம் 8, இரண்டு 4-உம் 8. மிச்சம் பூஜ்யம், கதை முடிந்தது. இன்றைய துல்லிய அளவுகளைப் போடுங்கள்: 7.0160-உம் 1.0078-உம் சேர்ந்து 8.0238, இரண்டு ஹீலியம் 8.0052. குறைவது 0.0186 அணுநிறை அலகு. அதை ஆற்றலாக மாற்றினால் ஏறக்குறைய 17.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். வெளிவந்த ஹீலியம் கருக்களின் ஆற்றலும் அதே அளவுதான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை நிறையைச் சொல்லக்கூடிய தன் கருவியால் அளந்து, ஐன்ஸ்டைனின் நிறை–ஆற்றல் சமன்பாடு பொருந்துவதை 1933-இல் காட்டியவர் பெயின்பிரிட்ஜ். இரண்டாவது முதல் நான்காவது வரையான தசம இடங்களில் இருக்கிறது அந்த நிரூபணம். அதை வெட்டிவிடாதீர்கள்.

அடுத்தது அணுகுண்டு. 1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டியின் இயக்குநர் இவர்தான். உடனே, நிறை நிறமாலைமானியால் யுரேனியம் பிரித்து அந்தக் குண்டைச் செய்தார்கள் என்று கோத்துவிடுகிறார்கள். டிரினிட்டியில் வெடித்தது புளூட்டோனியம். அது அணு உலையில் உண்டானது. நிறை நிறமாலைமானியின் தத்துவத்தில் அமெரிக்க இயற்பியலாளர் லாரன்ஸ் உருவாக்கிய கேலுட்ரான் என்ற பிரிப்புக் கருவிகள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனியம்-235-ஐப் பிரித்தன. அது ஹிரோஷிமா குண்டுக்குப் போனது.

டிரினிட்டி குண்டு வெடிக்காமல் நின்றிருந்தால், அதை வைத்திருந்த நூறடிக் கோபுரத்துக்கு, என்ன கோளாறு என்று பார்க்க முதலில் போக வேண்டியவர் பெயின்பிரிட்ஜ்தான். அது தன்னை ஆட்டிய பயம் என்று பிற்பாடு எழுதினார். 1950-இல், ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா முதலில் பயன்படுத்தாது என்று அறிவிக்கக் கோரிய 12 அறிவியலாளர்களில் அவரும் ஒருவர்.