எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: பாட்டில் ஏற்றும் முன் சொல்ல வேண்டியவை

வயிற்றைக் குழாய்போல் வெட்டிச் சிறிதாக்கும் சிலீவோ, சின்ன வயிற்றுப்பையைக் குடலோடு இணைக்கும் பைபாஸோ, எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது, விடாத வாந்தியைப் பொறுத்துக்கொள்வதுதான். ‘வயிறு சின்னதாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். இட்லியை மெல்லாமல் விழுங்கி ஒருநாள் வாந்தி வந்தால் பரவாயில்லை. நாள்கணக்கில் நீடித்தால் விஷயம் வேறு.

தயமின் என்கிற வைட்டமின் பி1, உடலின் கையிருப்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

வாந்தியால் சோர்ந்தவரை நம் ஊரில் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப்போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் வேண்டும். மிச்சம் மீதி இருப்பதும் அதில் செலவாகி நிலைமை முற்றிவிடும். அதனால் பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே ஆபரேஷனைப் பற்றியும், வாந்தி எத்தனை நாளாக என்பதையும் சொல்லி, ‘முதலில் பி1 ஊசி போட வேண்டுமா டாக்டர்?’ என்று கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்து செல்போனில் வைத்திருங்கள். என்ன ஆபரேஷன் என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது, எல்லா வலியையும் ‘கேஸ்’ கணக்கில் எழுதுவது. முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு வேகமாகி, மூச்சு வாங்கி, இடது தோள்பட்டையும் வலித்தால் தையல் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு வருடங்கள் கழித்தும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளலாம். விட்டு விட்டுப் பிடித்திழுக்கும் வலி அதன் அடையாளம். எடை மளமளவென்று குறைவதால் பித்தப்பைக் கல்லும் வரலாம்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவதை விட்டுவிடுங்கள். பைபாஸ் இணைப்பில் புண் வர அதுவும் சிகரெட்டும் போதும்.

சத்து மாத்திரைகளை ‘ஒரு வருஷம் ஆச்சே’ என்று நிறுத்துகிறார்கள். அவை ஆயுளுக்கும். சைவக்காரர்கள் பி12 விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதிகூட உடலில் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இந்த மாத்திரைகளில் காட்டும் அக்கறை சர்க்கரை மருந்திலும் இருக்கட்டும்: பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், அளவைக் குறைப்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடி கொட்டுகிறதே என்ற கவலை பெரிதாக வேண்டாம். மூன்றாம் மாதம் தொடங்கும் உதிர்வு, புரதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெண்களுக்கு ஒரு விஷயம். எடை குறைந்ததும் கரு எளிதில் தங்கும். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது, எடை குறையும் வேகத்தில் குழந்தைக்குச் சத்து போதாது என்பதால்தான். பிறகு கர்ப்பமானால், சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுக்கும்போதே பைபாஸ் ஆனதைச் சொல்லிவிடுங்கள். அதைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று ஆளைக் கிடத்திவிடலாம். அதற்குப் பதிலாக வீட்டிலேயே ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போகும் வழியும் இருக்கிறது.