பிள்ளைக்கு மாணவர் விசா: முதன்முறை விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு

மகள் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நானே நிரப்ப உட்கார்ந்தேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைப்பு. பாதியில், கடந்த 5 ஆண்டுகளில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைக் கேட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்று. அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் நான்கு! அன்றைக்கே நாற்காலியை மாற்றிக்கொண்டோம். அவள் தட்டச்சு செய்தாள், நான் ஃபைலைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். பிற்பாடு மகன் பிரிட்டனுக்குப் போனபோது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். பணமும் காகிதமும் என் வேலை, படிவமும் பதிலும் அவன் வேலை.

படி 1: மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும் யாருடையவை?

பிள்ளையுடையவை. உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் உங்கள் பெட்டியில் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். வேண்டுமானால் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் (கொடுத்தால்!).

படி 2: கல்லூரிக் கடிதம்

இடம் கிடைத்துவிட்டது என்ற மின்னஞ்சல் விசாவுக்குப் போதாது. ஒவ்வொரு நாட்டுக்கும் கல்லூரி தரும் தனி ஆவணம் உண்டு. அமெரிக்காவுக்கு ஐ-20, பிரிட்டனுக்கு சிஏஎஸ் எண், ஆஸ்திரேலியாவுக்கு சிஓஇ. கனடா 2024 முதல், கல்லூரியின் ஏற்புக் கடிதத்தோடு மாகாணத்தின் சான்றுக் கடிதத்தையும் பெரும்பாலானோரிடம் கேட்கிறது.

கடிதம் வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டியது கல்லூரிதான். அதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால், அமெரிக்கப் படிவத்தில் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யு (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். விசாவிலும் அப்படியே அச்சாகும், பயப்பட வேண்டாம்.

படி 3: பணம்

நம் உழைப்பில் பாதி இங்கேதான் போகும். அதிகாரி பார்ப்பது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமல்ல, எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால் கேள்வி வரும். நிலம் விற்ற பணமோ சேமநிதியோ, எதுவானாலும் அதற்கான காகிதத்தைச் சேர்த்து வையுங்கள்.

நிதிச் சான்று கேட்கப்படுபவர்களுக்கு பிரிட்டனின் கணக்கு கறாரானது. தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக்கூடாது. அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். மகனுக்கு இதைச் செய்யும்போது 19ஆம் நாள் காப்பீட்டுத் தவணை தானாகக் கழிந்து இருப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். அதனால் தானியங்கித் தவணை எதுவும் இல்லாத கணக்கில் பணத்தை வையுங்கள், தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் உங்கள் கடிதமும் வேண்டும்.

ஜெர்மனியின் வழி வேறு. ஓர் ஆண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டால், பிள்ளை அங்கே போனபின் மாதாமாதம் பிரித்துக் கொடுப்பார்கள். 2024 செப்டம்பரில் அந்தத் தொகையை 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். இந்தத் தொகைகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

படி 4: படிவம்

டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா படிவத்தை இணையத்தில் திறந்ததும் ஒரு விண்ணப்ப எண் தரும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், சேமிக்காததெல்லாம் போய்விடும். ஃபைலைத் தேடி எழுந்து போகுமுன் சேமிப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

கடைசியில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி உண்டு. உதவியிருந்தால் ஆம் என்று சொல்லி உங்கள் பெயரையே போடலாம், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் 16 வயது நிரம்பியவர் என்றால், மின்கையெழுத்துப் பொத்தானைப் பிள்ளைதான் அழுத்த வேண்டும்.

முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் கேட்ட இடத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறுப்பை விளக்கிவிடலாம். பொய் சொன்னதாகப் பதிவானால் பல ஆண்டுத் தடைவரை போகும்.

படி 5: கைரேகை, மருத்துவம்

இது எளிது. நேரம் பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடும் பதிவுத் தாளோடும் போனால் போதும். காசநோய்ப் பரிசோதனை கேட்கும் நாடுகளுக்கு, அவர்கள் அங்கீகரித்த மையத்தின் சான்றிதழ்தான் செல்லும்.

படி 6: நேர்காணல்

அமெரிக்காவுக்கு இது முக்கியம். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயது வந்த பிள்ளையோடு பொதுவாக நம்மை உள்ளே விடமாட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி, யார் செலவு செய்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்? இவற்றைச் சுற்றித்தான் கேட்பார்கள்.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். யார் செலவு என்றேன். "அப்பா" என்றாள். அப்பாவுக்கு என்ன வேலை? "ஆபீஸ்ல ஏதோ கணக்கு..." ஆண்டு வருமானம் எவ்வளவு என்றதும் சிரித்துவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை, நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றிரவு சம்பளச் சீட்டு, வரித் தாக்கல், கல்விக் கடன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்புறம் ஒன்று: பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒப்பிக்கும் குரல் உடனே தெரிந்துவிடும்.

படி 7: முடிவு வந்தபின்

அமெரிக்காவில் மாணவர் விசா மறுப்புக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் 214பி என்ற சட்டப்பிரிவு. படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை என்று பொருள். இதற்கு மேல்முறையீடு கிடையாது, புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் எதையும் மாற்றாமல் அதே ஃபைலோடு அடுத்த வாரமே போவது வீண். பிரிட்டன் மறுத்தால், பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தவர் 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

கிடைத்துவிட்டதா? சரி, விசாவில் இருக்கும் பெயரையும் தேதியையும் சரிபார்த்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள். அமெரிக்காவுக்கு, ஐ-20யில் குறித்த தொடக்க நாளுக்கு 30 நாட்களுக்கு முன்பே புது மாணவர் நுழைய முடியாது. மூல ஆவணங்கள் பெட்டியில் அல்ல, கைப்பையில் போக வேண்டும்.

ஐ-20யின் முதல் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைக்கு 18 நிரம்பாவிட்டால்தான் அங்கே பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். மகளுக்கு நிரம்பியிருந்தது. பேனாவை எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது.