வீட்டுச் சமையலுக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்பு கூடுவது, சோறு அடிபிடிப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தெருவில், கல்ஃபிலிருந்து திரும்பிய சிலர் இப்போது கரண்டி பிடித்திருக்கிறார்கள். மனைவிக்கு நைட் டியூட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் வரிசையாக வந்து, நாங்கள் விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

தேங்காயைக் கடிகாரம் பார்த்து வறுப்பது

சின்ன வெங்காயத்தை வறுத்தரைத்த தேங்காயில் போட்டு வைக்கிற புளிக்குழம்புதான் உள்ளித்தீயல். அது தேறுவதும் கெடுவதும் தேங்காய் வறுக்கும் கடைசி நேரத்தில்தான். ஈரம் வற்றும்வரை துருவல் ஒன்றும் நடக்காததுபோலக் கிடக்கும். அங்கேதான் பொறுமை போய்த் தீயைக் கூட்டுகிறார்கள். ஈரம் போனபின் பொன்னிறம் கருகலாக மாற நேரமே ஆகாது.

பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்த வீடியோவில் அரைமூடித் தேங்காய்க்குப் பத்து நிமிடம். வீட்டில் ஆறு பேர் என்று இவன் போட்டது இரண்டு தேங்காய். நேரம் மட்டும் அதே பத்து! அடியில் கறுப்பு, மேலே வெள்ளை. அந்தச் சூட்டிலேயே மிளகாய்ப்பொடியையும் மல்லிப்பொடியையும் தட்டிவிட்டான். நான் போவதற்குள் வீடு முழுக்க இருமல். "அக்கா, கொஞ்சம் வெல்லம் போட்டா சரியாயிராதா?" ஆகாது. கருகிய கசப்பை வெல்லமும் எடுக்காது, புளியும் எடுக்காது. கண்ணீர் விட்டு உரித்த உள்ளியும் சேர்ந்து வீணாகும், அவ்வளவுதான். தேங்காய் விற்கிற விலைக்கு எனக்கு வயிறு எரிகிறது.

அடிகனமான சட்டி, சிறுதீ, கை எடுக்காத கிளறல். தேங்காய் அதிகமென்றால் இரண்டு தடவையாக வறுங்கள். சிரட்டையை ஒட்டச் சுரண்டாதீர்கள். பழுப்புத் தோல் கலந்தால் நிறம் கண்ணை ஏமாற்றும். துருவல் நீளநீளமாக இருந்தால் மிக்சியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், ஒரே சீராக வறுபடும். கரண்டியில் கனத்த துருவல் லேசாகி, மணல் மாதிரி சரசரவென்று ஓடத் தொடங்கினால் அடுப்பை விட்டு நகரக்கூடாது. வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அணைத்துவிடுங்கள். மீதியைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். பொடிகள் அதற்கப்புறம்தான். இரண்டு புரட்டுப் புரட்டி உடனே தட்டில் கொட்டுங்கள். ஆறியதும் தண்ணீர் விடாமல் அரைத்தால் தன் எண்ணெயிலேயே விழுதாகும்.

மீன்குழம்பில் கரண்டி

வேண்டாம். சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வெந்த தண்ணீர்

கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயல்பாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. வேகும்போது அது தண்ணீரில் இறங்கும். நேரம் மிச்சம் என்று குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதோடேயே மசித்துவிடுகிறார்கள். மூடாமல், நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள்.

சம்பா அரிசிக்கு (எங்கள் பக்கத்துத் தடித்த சிவப்பரிசி) வெள்ளை அரிசிக் கணக்கு

அதே விசிலில் இறக்கினால் நறுக்கு நறுக்கென்று கிடக்கும். தண்ணீரும் கூட வேண்டும், நேரமும் கூட வேண்டும். ராத்திரி கஞ்சி குடிக்கிற வீடென்றால் முழுக்க வடிக்காமல் கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள்.