கொடையாளர் அம்மையாரின் வாழ்க்கையைக் கணக்கு நோட்டிலிருந்து எழுதும் முறை

கோலாலம்பூரில் துணிக்கடையோ மசாலைத் தொழிலோ நடத்திப் பொருள் ஈட்டி, பின்னாளில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் நடனக் கலைக்கும் அள்ளிக் கொடுத்த ஓர் அம்மையாருக்கு 80 வயது நிறைவதையொட்டி, அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதித் தரும்படி குடும்பத்தார் உங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் இத்தகைய நூல்கள் பெரும்பாலும் வாழ்த்துரையில் தொடங்கி வாழ்த்துரையிலேயே முடிகின்றன. நடுவில் அம்மையாரைத் தேடினால் அகப்பட மாட்டார். அவர் அகப்படும்படி எழுதுவதற்கு நான் கைக்கொள்ளும் முறையை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலையாக, "தொழில் செய்தவர் பிறகு கொடையாளராக மாறினார்" என்ற வாக்கியத்தை ஒதுக்கி வையுங்கள். அறக்கட்டளை பதிவான தேதியையே கொடையின் பிறந்தநாளாக எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் சேலைக்கடை வைத்திருந்த ஒருவரின் பழைய நோட்டுகளை நான் ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு, பென்சிலில் பற்றுவரவு. "உள்பாவாடைத் துணி 3 கட்டு" என்ற வரிக்கும் "லைட் பில்" என்ற வரிக்கும் இடையில், "தையல்கார அக்கா மகள், படிவம் 5, பரீட்சைக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. மற்றக் கடன்கள் அடைந்தவுடன் அவற்றின்மேல் குறுக்குக்கோடு விழுந்திருந்தது. அந்த வரியின்மேல் மட்டும் கடைசிவரை கோடு விழவில்லை. அறக்கட்டளை தோன்றுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முந்திய பக்கம் அது. நூலின் முதல் அத்தியாயம் எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

ஆகவே, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போய் உட்காருவதற்கு முன்பு காகிதங்களைக் கேளுங்கள். கணக்கு நோட்டு, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், கடை வாடகை ஒப்பந்தம், மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கும் அடகுச் சீட்டுகள் ஆகியவை வேண்டும். "அதெல்லாம் குப்பை தம்பி, உங்களுக்கு எதற்கு?" என்பார். பொறுமையாகக் கேட்டால் அலமாரியின் அடித்தட்டிலிருந்து வரும். காகிதம் கையில் இருந்தால்தான் நினைவு சரியான ஆண்டில் போய் நிற்கும். இல்லாவிட்டால் எல்லாமே "அந்தக் காலத்தில்" நடந்ததாகிவிடும்.

முதலீடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வங்கிக் கடன் கிடைக்காத பெண்கள் பலருக்கு முதல் கைமுதலைக் கொடுத்தவை தாலிக்கொடியும், பலர் மாதந்தோறும் பணம் கட்டி முறைவைத்து ஒருவர் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளும் கூட்டு என்ற சீட்டும்தான். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் இடம் தரவில்லை என்பதால், சொல்லத் தயங்குவார்கள். தயக்கத்தை மதியுங்கள், எந்தப் பெயரும் நூலில் வராது என்று உறுதி கொடுத்து, அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். எத்தனை பேர் கட்டினார்கள், மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்), தொகையை எடுத்த மாதம் எது என்பவை மட்டும் போதும். அந்தத் தொகைக்கும் கடையில் அடுக்கிய முதல் சரக்குக்கும் உள்ள தொடர்பை வாசகர் தாமாகவே கண்டுகொள்வார்.

தொழில் வளர்ந்த கதையைப் பொதுவாகக் கேட்டால் "உழைத்தேன், கடவுள் கொடுத்தார்" என்ற பதில்தான் வரும். காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலரின் விலை ஏறத்தாழ 2 வெள்ளி 50 காசாக இருந்தது; வெள்ளி சரிந்ததால் அது 1998 ஜனவரியில் 4 வெள்ளி 50 காசையும் தாண்டியது; செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசென்று நிலைநிறுத்தியது. இந்தியாவிலிருந்து சரக்கு இறக்கிய கடைக்காரர் அந்தத் தீபாவளிக்கு என்ன செய்தார்? பிறகு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் பழைய கடைவீடுகளின் வாடகை சந்தை விலைக்குப் போனது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எத்தனையோ கடைகள் இடம் மாறின. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடை மூடியிருந்தது. அவர் உதவிவந்த பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் நின்றதா? இந்த மூன்று இடங்களிலும் வரவைக் காட்டும் பக்கத்தையும் கொடையைக் காட்டும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நெருக்கடியில் எது முதலில் வெட்டப்பட்டது, எது கடைசிவரை வெட்டப்படவில்லை என்பதில் அவருடைய குணம் தெரியும்.

பழைய ஆவணங்களில் அவர் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். பள்ளிச் சுவரில் பதித்த கல்லிலும் கோயில் உபயப் பட்டியலிலும் பெண்கள் "திரு திருமதி" என்ற இரண்டு சொற்களுக்குள் கணவர் பெயரோடு மறைந்திருப்பார்கள். வணிகப் பதிவும் கணவர் அல்லது தம்பியின் பெயரில் இருக்கக்கூடும். அக்காலத் தமிழ்ச் செல்வர் தம்புசாமிப் பிள்ளையின் பெயர், கோலாலம்பூரில் 1893-இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூட வரலாற்றில் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் நகை கழற்றிக் கொடுத்த பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனவே கணவர், மாமனார், கடை ஆகிய மூன்று பெயர்களிலும் தேடுங்கள். நிறுவனப் பதிவுகளை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். பழைய நாளிதழ்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேளுங்கள். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் தீபாவளிச் சிறப்பிதழ் விளம்பரங்கள் கடை முகவரி மாறியதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்விக்குக் கொடுத்ததை எண்ணும்போது கவனம் வேண்டும். ஒரு சிறப்பு மலருக்காக, விழா மேடையில் தலைவர் சொன்ன உதவி பெற்ற மாணவர் எண்ணிக்கையை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டேன். பிறகு காசோலை அடிக்கட்டைகளைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்றாண்டு படித்த ஒரே மாணவரை மூன்று பேராக எண்ணியிருந்தது தெரிந்தது. அன்றுமுதல் ஆட்களைத் தனியாகவும் ஆண்டுகளைத் தனியாகவும் எழுதுகிறேன். உதவி பெற்றவர்களில் நான்கைந்து பேரை நேரில் பாருங்கள். பணம் வந்த விதத்தைக் கேளுங்கள். சிலருக்கு மேடையில் பெரிய அட்டைக் காசோலை கிடைத்திருக்கும். சிலருக்குக் கடையின் பின்கட்டில் உறை கிடைத்திருக்கும். எந்த உறைக்குள் எவ்வளவு என்பதைவிட, யார் பார்க்கக் கொடுத்தார் என்பது முக்கியம். அவர்களுடைய வறுமையை நூலுக்கு அலங்காரமாக்காதீர்கள். சம்மதமில்லாமல் பெயரையோ படத்தையோ போடக்கூடாது.

சிறுவயதில் அவர் கண்ட கொடையையும் கேட்டுப் பாருங்கள். 1950-களில் சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது, சாதாரணக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தன; மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை அமைந்தது. இன்று 80 வயதை எட்டுபவருக்கு அந்த வெள்ளியை வீட்டில் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கலாம்.

கலைக்குக் கொடுத்ததை எழுதுவதுதான் கடினம். கட்டடத்துக்குக் கல் உண்டு. நடன நிகழ்ச்சி இரவு பத்து மணிக்குத் திரை விழுந்ததும் முடிந்துவிடும். "கலையை வளர்த்தார்" என்று எழுதாமல், பணம் எதை வாங்கியது என்று எழுதுங்கள்: சென்னையிலிருந்து வந்த மிருதங்கக்காரரின் விமானச் சீட்டு, அரங்க வாடகை, பெற்றோரால் அரங்கேற்றச் செலவைத் தாங்க முடியாத மாணவியின் உடை, நட்டுவாங்க ஆசிரியரின் மாதச் சம்பளம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள நுண்கலைக் கோயில் (Temple of Fine Arts) என்ற கலை அமைப்பின் அன்னலட்சுமி உணவகம், சாப்பிட்டவர் விரும்பியதைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்குப் பேர் பெற்றது. இந்த ஊரில் கலைக்கான கொடை பலவேளை இப்படி ரசீதில்லாமல்தான் நடக்கிறது. ஆகவே ரசீதைத் தேடாமல் பக்கவாத்தியக்காரர்களையும் ஒப்பனைக்காரரையும் தேடிப் போங்கள். சம்பளம் நேரத்துக்கு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்பவர்கள் அவர்கள்தாம்.

மலேசிய அரச விருதுப் பட்டங்களில் தவறு செய்தால் குடும்பத்தாரே மன்னிக்க மாட்டார்கள். டத்தோவின் மனைவி டத்தின். டான்ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ. ஆனால் பெண் தம் சொந்தச் சேவைக்காக டான்ஸ்ரீ விருது பெற்றால் அவரும் டான்ஸ்ரீதான். விருது 2005-இல் கிடைத்திருந்தால், 1985-ஆம் ஆண்டுக் கதையில் அந்தப் பட்டத்தை ஒட்டாதீர்கள். அப்போது அவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்.

எழுதி முடித்தபின் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்துக் காட்டியபோது அந்தச் சேலைக்கடை அம்மையார் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "தையல்கார அக்கா மகளுக்கு நான் தானம் பண்ணவில்லை, கடன்தான் கொடுத்தேன், கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதுங்கள்." அப்படியே எழுதினேன். அச்சுக்குப் போகும்முன் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். (ISBN) எனப்படும் நூலெண் வாங்குங்கள். வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். நோட்டுப் பக்கங்களின் நகல்களைத் தனிக் கோப்பாகக் கட்டி, அவர் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் ஒரு படியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.