சூரியகாந்தித் தண்டை வெட்டி நிலைத்த திசுவைப் பாக்குறது எப்படி

நிலைத்த திசுன்னா இனிமே பிரிஞ்சு பெருகாத செல்லுங்களோட கூட்டம். இளந்தண்டை புது பிளேடால குறுக்கா மெலிசா சீவுங்க, முழு வட்டம் வரலேன்னாலும் பரவால்ல, வெளிச்சம் ஊடுருவுற துண்டு ஒண்ணு போதும், அத சாஃப்ரனின்ங்குற சிவப்புச் சாயத்துல கொஞ்ச நேரம் போட்டு அலசி, ஸ்லைடுல கிளிசரின் ஒரு சொட்டு விட்டு கவர் ஸ்லிப்ப சாய்ச்சு மூடுங்க, இல்லேன்னா காத்துக்குமிழிய செல்லுன்னு வரைஞ்சு வைப்பீங்க.

இப்ப மைக்ராஸ்கோப்ல பாருங்க. தோலுக்கு கீழ சுவர் ஒரே சீரா இல்லாம தடிச்ச செல்லுங்கதான் கோலன்கைமா, உயிரோட இருக்கும், தண்டு வளைஞ்சாலும் ஒடியாம தாங்குறது இதுதான். நடுவுல பெருசா, மெல்லிசு சுவரோட இருக்கறது பாரன்கைமா, சேமிப்பு வேலை. தண்ணியும் உணவும் போற குழாய்ங்க சேந்த வாஸ்குலார் கட்டு மேல தொப்பி மாட்டுன மாதிரி சிவப்பா தெரியுறது ஸ்கிளிரன்கைமா, லிக்னின்ங்குற கெட்டிப்பொருள் ஏறி செத்துப்போன நார், ஆனா பலமே அதான். அந்தக் கட்டோட உள்பக்கம் பெரிய ஓட்டையோட சிவப்பா சைலம், தண்ணி ஏறுற வழி. வெளிப்பக்கம் வெளிறிப்போயி புளோயம், உணவு போற பாதை. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கேம்பியம் இன்னும் பிரியுற செல்லுங்க, அதனால நிலைத்த திசு இல்ல, அத லேபிள்ல சேத்துடாதீங்க.