சோளகத்தில் எந்த மட்டை?

பனங்கூடலோர வெளியில் கோல்ப் பழகும் நம் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு: சோளகக் காற்று எதிரே வீசும்போது தயவுசெய்து ஓங்கி அடிக்காதீர்கள். ஓங்க ஓங்கப் பந்தின் பின்சுழற்சி கூடும். அது மேலெழுந்து, காற்றில் தயங்கி, பாதி வழியிலேயே விழுந்துவிடும். வழக்கமாக 7ஆம் எண் இரும்பு மட்டை போதுமான தூரமா? 5ஆம் எண்ணை எடுங்கள்; மட்டையின் எண் குறையக் குறையப் பந்து போகும் தூரம் கூடும். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள். பந்து அரைப்பனை உயரத்தைத் தாண்டாமல் நேராகச் செல்லும். அந்த ஓசையே தனி!

நுவரெலியாவுக்கு விளையாடப் போனால் கணக்குத் தலைகீழ். 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். 7க்குப் பதில் 8ஐ எடுத்துப் பாருங்கள்.